சனிக்கிழமை சமைத்து வாரம் முழுதும் உண்ண
படிக்கும் பேரப்பிள்ளைக்குக் குறைந்த செலவில், உறைய வைத்த சாப்பாடு



ஞாயிற்றுக்கிழமை மாலை. பேரனோ பேத்தியோ பையைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குக் கிளம்பும் நேரம். பெஸ்தாரி ஜெயாவில் உள்ள சிலாங்கூர் பல்கலைக்கழகம், ஷா ஆலாம், கிள்ளான், கோலாலம்பூர், தஞ்சோங் மாலிம் என்று பிள்ளைகள் பல இடங்களில் படிக்கிறார்கள். கையில் இருக்கும் பணம் கொஞ்சம். வகுப்பும் பரீட்சையும் முடிய இரவாகிவிடுகிறது. பசிக்கு மெகியும் இனிப்புத் தண்ணீரும்தான் துணை. அதை நினைத்து நீங்கள் ஒரு பானைக் குழம்பை டப்பாவில் ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

அந்த அன்பு சரியானது. கொடுத்து அனுப்பும் முறையில் சிறிது கவனம் வேண்டும். இந்தப் பாடம் அதைத்தான் சொல்கிறது. உங்களுக்குச் சமைக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. சமைத்த பிறகு கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான் புதிது.

அன்றும் இன்றும்

தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பெரட்டுக்குப் போகும் முன், விடியற்காலை நாலு மணிக்கே அடுப்பு எரியும். அன்று சமைத்தது அன்றே தீர்ந்துவிடும். வீட்டில் ஆறு, ஏழு பேர். மீதம் என்பதே அரிது. இன்று பானை அதே அளவு, வீட்டில் இருப்பது இரண்டு பேர். மீதம் அடுப்பின் மேல் இரவு முழுதும் இருக்கிறது. மறுநாள் சுட வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். நம் ஊர் வெப்பத்தில் ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

2024 ஜூன் மாதம் நம் சிலாங்கூர் மாநிலத்திலேயே, கோம்பாக்கில், ஒரு நிகழ்வில் பரிமாறிய உணவால் 200-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். இருவர் உயிரிழந்தனர். உணவு நச்சு என்பது வயிற்றைச் சற்றுக் கலக்கிவிட்டுப் போகும் சின்ன நோயல்ல. வயதானவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இனிப்பு நீர் நோயாளிகளுக்கும் அது கடுமையாகலாம்.

நினைவில் வைக்க வேண்டிய ஒரு வரி

ஃபிரீசர், அதாவது குளிர்பெட்டியில் ஐஸ் கட்டும் பகுதி, உணவு கெடுவதை நிறுத்தி வைக்கும். கெட்டுப்போனதைத் திருத்தாது.

கிருமிகள் குளிரில் சாவதில்லை; உறங்குகின்றன. உணவு மறுபடி சூடாகி வெதுவெதுப்பானதும் விழித்துப் பெருகுகின்றன. ஐந்து மணி நேரம் அடுப்பின் மேல் இருந்த குழம்பை ஃபிரீசரில் வைத்தால், அந்த ஐந்து மணி நேரத்தில் பெருகியவை அப்படியே உள்ளே இருக்கும். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு, நன்றாகக் கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே கெடுவதற்கு முன்பே, சீக்கிரமாக, உறைய வைக்க வேண்டும்.

ஆபத்தான வெப்பநிலை 5 பாகை செல்சியஸிலிருந்து 60 பாகை வரை. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. சேமித்து வைக்கப்போகும் உணவுக்கு நேரம் இன்னும் குறைவு: இரண்டு மணி நேரத்துக்குள் அது குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும். சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆற வைத்து உள்ளே வைப்பது நல்லது. அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து, சோறு வெந்தாலும் சாவதில்லை. சோறு வெளியில் கிடந்தால் அது முளைத்து நச்சை உண்டாக்கும்.

எதை உறைய வைக்கலாம், எதை வேண்டாம்

நன்றாக உறைபவை:
• கெட்டியான பருப்பு, சாம்பார்
• கோழிப் பிரட்டல், ஆட்டுக்கறி
• கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணிக் கறி
• தேங்காய்ப்பால் சேர்க்காத குழம்பு
• சோறு, இட்லி, சப்பாத்தி

உறைந்தால் கெடுபவை அல்லது சுவை மாறுபவை:
• அவித்த முட்டை: வெள்ளைக்கரு ரப்பர்போல் ஆகிவிடும்
• உருளைக்கிழங்கு: மாவுபோல் உதிரும். அதற்குப் பதில் கேரட், பூசணி சேர்க்கலாம்
• தயிர், மோர்க்குழம்பு: தண்ணீர் பிரியும்
• தேங்காய்ப்பால் குழம்பு: திரிந்ததுபோல் தோன்றும். பால் சேர்க்காமல் உறைய வைத்து, உண்ணும் அன்று பிள்ளையே இரண்டு கரண்டி சேர்த்துக் கொதிக்க விடலாம்
• வெள்ளரி, பச்சைக் கீரை: வாடிவிடும். இவற்றைப் பிள்ளை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்

மீன் பற்றி ஒரு சொல். ஜெராமிலும் பாசிர் பெனாம்பாங்கிலும் புது மீன் கிடைக்கிறது. கெம்போங் போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மீன் ஃபிரீசரிலும் மெல்ல மணம் மாறும். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சுத்தம் செய்து, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து வைத்தால் முழுக்கட்டியையும் உருக்க வேண்டியிருக்காது.

சனிக்கிழமை சமையல்: 16 வேளைச் சாப்பாடு

கீழே உள்ள மூன்று கறிகளும் 16 டப்பாவுக்கு வரும். பத்து டப்பா பிள்ளைக்கு: ஐந்து நாள், நாளுக்கு இரண்டு வேளை. மீதி ஆறு உங்களுக்கு. உடம்பு முடியாத நாளில் அடுப்படியில் நிற்க வேண்டாம்.

1. கோழிப் பிரட்டல் (6 டப்பா)
தோல் நீக்கிய கோழி ஒன்று, ஏறக்குறைய 1.5 கிலோ. வெங்காயம் 4, தக்காளி 3, இஞ்சி பூண்டு விழுது 2 மேசைக்கரண்டி, கறி மசாலா 3 மேசைக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி. வெங்காயம் வதங்கியதும் விழுதும் மசாலாவும் சேர்த்து, பச்சை வாசம் போனபின் தக்காளியும் கோழியும் போடவும். தண்ணீர் அரைக் கிண்ணம் போதும். எலும்பை ஒட்டிய சதையில் இரத்தச் சிவப்பு இல்லாதவரை வேக வேண்டும்.

2. பருப்பும் காயும் (5 டப்பா)
மைசூர்ப் பருப்பு 400 கிராம், பூசணி, கேரட், பீன்ஸ் சேர்த்து 1 கிலோ, மஞ்சள், சீரகம், பூண்டு. பருப்பு குழைந்ததும் காயைச் சேர்த்து, காய் சற்று விறைப்பாக இருக்கும்போதே இறக்கவும். திரும்பச் சூடாக்கும்போது அது முழுதாக வெந்துவிடும். தாளிப்புக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். உப்பு முக்கால் தேக்கரண்டி.

3. கொண்டைக்கடலைக் கறி (5 டப்பா)
கொண்டைக்கடலை 400 கிராம், முதல்நாள் இரவே ஊற வைத்தது. வெங்காயம் 2, தக்காளி 3, கறி மசாலா 2 மேசைக்கரண்டி, நறுக்கிய முட்டைக்கோசும் கேரட்டும் 1 கிலோ. கடலையை முதலில் மெத்தென்று வேக வைத்து, பிறகு மசாலாவிலும் காயிலும் சேர்க்கவும். உப்பு முக்கால் தேக்கரண்டி.

சோறு: அரிசி 1.2 கிலோ. வடித்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆற விட்டு, டப்பாக்களில் பிரிக்கவும்.

செலவுக் கணக்கு

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குப் போடும் முறையைக் காட்டவே இந்த எடுத்துக்காட்டு. உங்கள் ஊர்க் கடை விலையை இதில் போட்டுப் பாருங்கள்.

கோழி – 15 ரிங்கிட்
பருப்பு – 2 ரிங்கிட் 50 சென்
கொண்டைக்கடலை – 4 ரிங்கிட்
காய்கறி 2 கிலோ – 10 ரிங்கிட்
வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு – 6 ரிங்கிட்
மசாலா, எண்ணெய் – 3 ரிங்கிட் 50 சென்
அரிசி – 4 ரிங்கிட்
மொத்தம் – 45 ரிங்கிட்

45 ரிங்கிட்டை 16-ஆல் வகுத்தால், ஒரு வேளைக்கு ஏறக்குறைய 2 ரிங்கிட் 80 சென். பிள்ளை கடையில் ஒரு வேளைக்கு என்ன கொடுக்கிறது என்று கேட்டு, பத்து வேளைக்குக் கணக்குப் பாருங்கள். மிச்சம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்.

செலவு இன்னும் குறைய: கோழியை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சமைத்து, நடுவில் பருப்பும் பயறும் சமைக்கலாம். பசாரில் எந்தக் காய் மலிவோ அதையே வாங்கலாம். வீட்டு முருங்கைக்காயையும் சாம்பாரில் போடலாம்.

டப்பாவில் போடும் அளவு

சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செபாரு’ முறையை நீங்கள் கிளினிக்கில் கேட்டிருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு; கால் பங்கு கோழி, மீன், முட்டை அல்லது பருப்பு; பாதிப் பங்கு காய்கறியும் பழமும். டப்பாவிலும் அதே கணக்குதான். சோறு இரண்டு சோற்றுக் கரண்டி போதும். கோழி டப்பாவில் காய் குறைவு என்பதால், பிள்ளை வெள்ளரியோ கீரையோ ஒரு பழமோ சேர்த்து உண்ண வேண்டும். உங்கள் ஆறு டப்பாவுக்கும் இதே விதி.

உப்பைக் கவனியுங்கள். ஒருவருக்கு ஒரு நாளுக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேலே சொன்ன உப்பு ஐந்தாறு பேருக்கானது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் கூடவே அனுப்பினால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். சிறுநீரக நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், பருப்பும் பயறும் எவ்வளவு உண்ணலாம் என்று கிளினிக்கில் உள்ள உணவியல் அதிகாரியிடம் முதலில் கேளுங்கள்.

அடுப்பிலிருந்து ஃபிரீசர் வரை: ஆறு படிகள்

1. சமைக்கும் முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பச்சைக் கோழி நறுக்கிய பலகையிலும் கத்தியிலும், கழுவாமல், காய் நறுக்கக் கூடாது.

2. அடுப்பை அணைத்ததும் மணியைப் பாருங்கள். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பெரிய பானை தானாக ஆறக் காத்திருக்க வேண்டாம். நடுவில் இருக்கும் குழம்பு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலமான தட்டுகளில் ஊற்றுங்கள். அல்லது பானையை ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கிளறுங்கள். ஈ மொய்க்காமல் சுத்தமான துணியால் மூடுங்கள்.

4. ஒரு வேளைக்கு ஒரு சிறிய டப்பா. மேலே இரண்டு விரல் அகலம் இடம் விடுங்கள்; உறையும்போது உணவு சற்று உப்பும். ஐஸ்கிரீம் டப்பா, மார்ஜரின் டப்பா சேமிக்க உதவலாம், சூடாக்க உதவாது. மைக்ரோவேவில் வைக்கலாம் என்று அடியில் குறியிட்ட டப்பாவையே வாங்குங்கள்.

5. டப்பாவில் ஒட்டுநாடா ஒட்டி, என்ன கறி, எந்தத் தேதி என்று எழுதுங்கள். உறைந்த பின் எல்லாக் கறியும் ஒரே மாதிரிதான் தெரியும்.

6. ஃபிரீசரில் ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் இடைவெளி விட்டு வையுங்கள். உறைந்த பின் அடுக்கலாம். சிறிய குளிர்பெட்டியாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திணிக்க வேண்டாம்; வெள்ளிக்கிழமை ஒரு கறி, சனிக்கிழமை காலை இரண்டு கறி என்று பிரித்துச் சமையுங்கள்.

ஃபிரீசர், பூஜ்யத்துக்குக் கீழ் 18 பாகையில் இருக்க வேண்டும். கீழ்ப்பகுதி 5 பாகையைத் தாண்டக் கூடாது. இந்தக் குளிரில் சமைத்த கறி இரண்டு மூன்று மாதம் சுவை கெடாமல் இருக்கும். கீழ்ப்பகுதியில் மூன்று நாள்தான். சோறு மறுநாளோடு சரி.

வழியில்

கோலசிலாங்கூரிலிருந்தோ புக்கிட் ரோத்தானிலிருந்தோ விடுதிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பஸ் மாறினால் இன்னும் அதிகம். ஆகவே:
• ஞாயிறு மாலை கிளம்பும் வரை டப்பாக்களை ஃபிரீசரிலிருந்து எடுக்க வேண்டாம்.
• குளிர் காக்கும் பையில் நெருக்கமாக அடுக்குங்கள். அந்தப் பை இல்லையென்றால் தடித்த நாளிதழில் சுற்றி, இரண்டு பைகளுக்குள் வையுங்கள்.
• உறைய வைத்த தண்ணீர்ப் புட்டி ஒன்றை நடுவில் செருகுங்கள்.
• பையை வெயில் படும் இடத்திலோ காரின் பின்பெட்டியிலோ வைக்க வேண்டாம்.

பிள்ளை போய்ச் சேர்ந்ததும் டப்பாவை அழுத்திப் பார்க்கட்டும். கல்போல் இருந்தால் ஃபிரீசருக்குள். உருகியிருந்தாலும் நன்றாகக் குளிர்ந்தே இருந்தால் கீழ்ப்பகுதியில் வைத்து இரண்டு நாளுக்குள் உண்ணட்டும். அதில் சோறு மறுநாளுக்குள் தீர வேண்டும். குளிர் போய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால் கொட்டிவிட வேண்டும். பாட்டி சமைத்ததாயிற்றே என்று தயங்க வேண்டாம் என நீங்களே முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

விடுதியில் ஃபிரீசர் இல்லை, பொதுக் குளிர்பெட்டி மட்டும் இருக்கிறதா? இரண்டு நாளுக்கு வேண்டிய கறி டப்பா நான்கு மட்டும் கொடுங்கள். சோற்றை அங்கேயே வடித்துக்கொள்ளட்டும். குளிர்பெட்டியே இல்லையா? சமைத்த கறி வேண்டாம். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, வறுத்த கடலை, பழம் கொடுத்து அனுப்புங்கள்.

உண்ணும்போது: பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க

• முதல்நாள் இரவே ஒரு டப்பாவைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடலாம். மேசையில் வைத்து உருக்கக் கூடாது.
• உருகும் வரை காத்திருக்க நேரமில்லையென்றால், ஒரு சட்டியில் சிறிது தண்ணீரோடு நேராக அடுப்பில் வைக்கலாம்.
• ஆவி பறக்க, நடுப்பகுதியும் சூடாகும் வரை சூடாக்க வேண்டும். மைக்ரோவேவ் என்றால் பாதியில் நிறுத்திக் கிளறி, மறுபடி வைக்க வேண்டும்.
• ஒரு முறைதான் சூடாக்க வேண்டும். மீதியை மறுபடி உறைய வைக்கக் கூடாது. அதற்காகவே சிறிய டப்பா.

மின்சாரம் போனால்

இடி மழையில் மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல. குளிர்பெட்டியின் கதவைத் திறக்காமல் விட்டால் கீழ்ப்பகுதி நாலு மணி நேரம் குளிர் தாங்கும். நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள் தாங்கும். மின்சாரம் வந்தபின் திறந்து பாருங்கள். டப்பாவில் ஐஸ் துணுக்குகள் இருந்தால் மறுபடி உறைய விடலாம். முழுதும் உருகி வெதுவெதுப்பாக இருந்தால் கொட்டிவிடுங்கள். வாய்வைத்து ருசி பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். நோய் தரும் உணவு நல்ல வாசத்தோடும் இருக்கும்.

வயிறு சரியில்லை என்றால்

வாந்தியோ பேதியோ தொடங்கினால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், தலைச்சுற்றல், சிறுநீர் குறைதல், ஒரு நாளாகியும் நிற்காத பேதி – இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள். மயக்கம் வந்தால் 999 எண்ணை அழையுங்கள். இனிப்பு நீருக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், வாந்தி பேதி உள்ள நாளில் அந்த மருந்தை என்ன செய்வது என்று உடனே கிளினிக்கைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

படித்ததைச் சரிபார்க்க

1. காலை 10 மணிக்கு இறக்கிய கோழிக்கறி மாலை 4 மணி வரை அடுப்பின் மேல் இருந்தது. கொதிக்க வைத்து ஃபிரீசரில் வைக்கலாமா?
விடை: கூடாது. ஆறு மணி நேரம் கடந்துவிட்டது. கொதிக்க வைத்தாலும் சில நச்சு போகாது.

2. கோழிக்கறி டப்பா ஒன்றில் பேத்தி பாதியைச் சாப்பிட்டாள். மீதியை மறுபடி உறைய வைக்கலாமா?
விடை: கூடாது. அடுத்த முறை இன்னும் சிறிய டப்பாவில் போடுங்கள்.

3. சூடான பானையை அப்படியே குளிர்பெட்டிக்குள் வைக்கலாமா?
விடை: வேண்டாம். பக்கத்தில் இருக்கும் உணவும் சூடாகும். தட்டில் பரப்பி ஆற வைத்து, சிறு டப்பாவில் வையுங்கள்.

4. ஃபிரீசரில் தேதி எழுதாத ஒரு டப்பா இருக்கிறது. என்ன செய்வது?
விடை: எப்போது சமைத்தது என்று யாருக்கும் தெரியாவிட்டால் கொட்டிவிடுங்கள். இனி எல்லாவற்றிலும் எழுதுங்கள்.

இந்த வாரம் தொடங்குங்கள்

முதல் வாரமே 16 டப்பா வேண்டாம். ஒரு கறி, நாலு டப்பா. இரண்டைப் பிள்ளையிடம் கொடுங்கள், இரண்டை நீங்கள் உண்ணுங்கள். புதன்கிழமை பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்து, எப்படி இருந்தது, எப்படிச் சூடாக்கினாய் என்று கேளுங்கள். இந்தத் தாளை டப்பாவோடு கொடுத்து அனுப்புங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளையானால் நீங்களே படித்துச் சொல்லுங்கள்.

மேலும் ஐயம் இருந்தால், அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் கேளுங்கள்.